தொண்டு செய்ய வருவோரைத் தெரிந்து தெளிவோம்

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டால் நம் நாட்டு முருகன் ஆலயங்களில் ஒரு தனிச் சுறுசுறுப்பு பிறந்துவிடுகிறது. பத்துமலையிலும், பினாங்குத் தண்ணீர்மலையிலும், ஈப்போ கல்லுமலையிலும், சுங்கைப்பட்டாணியிலும் பந்தற்கால்கள் எழுகின்றன. தண்ணீர்ப் பந்தலில் மோர் வழங்குவோர், அன்னதானக் கூடத்தில் காய்கறி நறுக்குவோர், காவடிகளுக்கு வழி விலக்கிக் கொடுப்போர், பத்துமலையின் 272 படிகளிலும் முதியோரைக் கைதாங்கி ஏற்றுவோர், கூட்டத்தில் பெற்றோரைப் பிரிந்து அழும் குழந்தைகளைத் தேற்றுவோர் எனத் தொண்டூழியர் பலர் முன்வருகின்றனர். கூலி கேளாமல், உறக்கம் பாராமல் இவர்கள் ஆற்றும் பணி இல்லையேல் இத்தகைய பெருவிழாக்கள் நடந்தேறுவது அரிது. இதனை நன்றியோடு சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

ஆயினும், இந்த நல்ல நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. தொண்டு செய்ய வருகிறேன் என்று ஆலயத்தின் முன் வந்து நிற்பவர் யார் என்பதை நாம் அறிந்துகொள்கிறோமா?

பல ஆலயங்களில் நடப்பது என்ன? திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆள் பற்றாக்குறை தெரியவருகிறது. தெரிந்தவர் ஒருவர் தமக்குத் தெரிந்த நால்வரை அழைத்து வருகிறார். பெயரைக் கூடச் சரியாகக் கேளாமல் அவர்களுக்கு ஆலயத்தின் பெயர் பொறித்த சட்டையை வழங்கிவிடுகிறோம். அந்தச் சட்டையை அணிந்த கணத்திலிருந்து அவர் சொல்லுக்கு மக்கள் கட்டுப்படுகிறார்கள். தாய்மார் தயங்காமல் தம் குழந்தையை அவர் கையில் ஒப்படைக்கிறார்கள். பக்தர் தம் காணிக்கையை அவரிடம் கொடுத்து, உண்டியலில் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறார். அம்மக்கள் நம்புவது அந்த மனிதரையன்று. அவர் அணிந்திருக்கும் சட்டையில் உள்ள ஆலயத்தின் பெயரை. அப்பெயரை யாருக்குக் கொடுக்கிறோம் என்று ஆராய்வது ஆலய நிர்வாகத்தின் கடமையல்லவா?

திறந்த வாயிலும் திறவுகோலும்

"இறைவன் சந்நிதிக்குத் தொண்டு செய்ய வருபவரை விசாரிப்பதா? அது பக்திக்கு இழுக்கல்லவா?" என்று சிலர் மனம் வருந்திக் கேட்பதுண்டு. இவ்வருத்தம் பொய்யானதன்று. சைவ மரபில் தொண்டுக்கு உரிய இடம் மிகப் பெரியது. உழவாரப் படையைக் கையில் ஏந்தி, ஆலயந்தோறும் சென்று புல் செதுக்கிய திருநாவுக்கரசரை நாம் வணங்குகிறோம். அவரை எந்த நிர்வாகக் குழுவும் நேர்முகம் கண்டதில்லையே என்று கேட்கத் தோன்றும்.

இங்குதான் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொண்டு வேறு, பொறுப்பு வேறு. பிராகாரத்தைக் கூட்டுவதற்கும், கோலமிடுவதற்கும், நீர் சுமப்பதற்கும் எவரும் எவரிடமும் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. அத்தொண்டின் பயன் செய்பவருக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. ஆனால், பிள்ளைகளுக்குத் தேவாரம் கற்பிக்கவும், உண்டியற்பணத்தை எண்ணவும், அம்மனின் நகைப்பெட்டிக்குத் திறவுகோல் வைத்திருக்கவும் ஒருவரை அமர்த்தும்போது, பிறருக்குச் சொந்தமான ஒன்றை அவர் கையில் கொடுக்கிறோம். பிறர் பொருளையும் பிறர் பிள்ளையையும் ஒப்படைக்கும் உரிமை, ஆராய்ந்து பார்த்தவருக்கே உண்டு. ஆலயத்தின் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். ஆலயத்தின் திறவுகோல் எல்லாரிடமும் இருத்தல் ஆகாது.

முன்னோர் வகுத்த நெறி

ஆராய்ந்து அமர்த்துவது மேல்நாட்டாரிடமிருந்து நாம் கடன் வாங்கிய பழக்கம் என்று எண்ணுவாரும் உளர். திருக்குறளின் ஐம்பத்தோராம் அதிகாரத்திற்குப் பெயரே 'தெரிந்துதெளிதல்'. அதற்கு அடுத்த அதிகாரம் 'தெரிந்துவினையாடல்'. ஒருவரைப் பணிக்கு அமர்த்துமுன் எப்படி ஆராய வேண்டும், ஆராய்ந்தபின் எப்பணியை அவரிடம் விட வேண்டும் என்பதற்கு வள்ளுவர் இருபது குறட்பாக்களை ஒதுக்கியிருக்கிறார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயப்படுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது அவர் கருத்து. இதன் பின்பாதியை நாம் மறந்துவிடுகிறோம். முதலில் ஆராய்வது எதற்காக? பிறகு ஒவ்வொரு நாளும் ஐயுறாமல் இருப்பதற்காக. ஆராய்ச்சி நம்பிக்கைக்குப் பகையன்று; அதற்கு அடிப்படை.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆளெடுத்த விதிகளைக் கூறுகின்றன. குடத்தில் ஓலையிடுவதற்கு முன்பே, யார் பெயரை ஓலையில் எழுதலாம், யார் பெயரை எழுதலாகாது என்று அவை வரையறுத்துள்ளன. வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவராயிருத்தல் ஆகாது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் ஓலையில் ஏறாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் ஏறாது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை.

அவ்விதிகளுள் எல்லாம் இன்றைக்கு ஏற்றவையல்ல. நிலவுடைமையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே இடமளித்த அச்சபையை அப்படியே நாம் மீண்டும் அமைக்க விரும்புவதில்லை. எனினும், பொதுப்பணிக்கு வருபவரை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்பதும், அதற்கான விதி எல்லாரும் படிக்கும்படி கோயிற் சுவரிலேயே எழுதப்பட வேண்டும் என்பதும் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நம் வழக்கில் இருந்துவந்தவை. கணக்குக் காட்டாதவரின் உறவினரைக் கூட விலக்கிய அந்த விதியை இன்று நம் ஆலயங்களில் நடைமுறைப்படுத்தினால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

நாட்டுச் சட்டம் சொல்வது

ஆலயங்களில் ஞாயிறுதோறும் சமய வகுப்பும், தேவார வகுப்பும், நடன வகுப்பும் நடைபெறுகின்றன. பெற்றோர் பிள்ளைகளை வாயிலில் இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்து அழைத்துச் செல்கின்றனர். அந்த இரண்டு மணி நேரமும் அப்பிள்ளைகளுக்கு ஆலயமே பெற்றோர்.

மலேசியாவில் 2017ஆம் ஆண்டில் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆசிரியர், பாதுகாவலர் போன்று நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் இக்குற்றத்தைப் புரிந்தால், வழக்கமான தண்டனைக்கு மேல் கூடுதல் தண்டனை உண்டு என்று அச்சட்டம் கூறுகிறது. இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றமே. "ஆலயத்தின் பெயர் கெட்டுவிடும், வெளியே சொல்லாதீர்கள்" என்று பெரியவர்கள் கூடிப் பேசி மூடிமறைப்பதற்கு இனி இடமில்லை. ஆலயத்தின் பெயரைக் காப்பதாக எண்ணி அவ்வாறு செய்பவர் தாமே சட்டத்தின் முன் நிற்க நேரிடும்.

அதனோடு, சிறாருக்கு எதிரான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டோரின் பதிவேடு ஒன்றும் சமூக நல இலாகாவின் பொறுப்பில் 2019ஆம் ஆண்டு முதல் செயற்பட்டு வருகிறது. அது எவரும் புரட்டிப் பார்க்கக்கூடிய பொதுப் பட்டியலன்று. பிள்ளைகளோடு பழகும் பணிக்கு ஒருவரைச் சேர்க்குமுன், அவர் பெயர் அதில் உள்ளதா என்று இலாகாவிடம் விண்ணப்பித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் ஒவ்வோர் ஆலயமும், எவ்வளவு சிறியதாயினும், இவ்வாய்ப்பைப் பயன்படுத்த வேண்டும்.

இதை அவமதிப்பு என்று எவரும் கொள்ளவேண்டியதில்லை. உணவகத்தில் சமைப்போர் டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொண்டு, உணவுத் தூய்மைப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகள் வற்புறுத்துகின்றன. "என்னை நோயாளி என்கிறீர்களா?" என்று எந்தச் சமையற்காரரும் சண்டைக்கு வருவதில்லை. உண்பவர் நலனுக்காக எல்லாருக்கும் பொதுவாக வைக்கப்பட்ட விதி என்பது அவருக்குத் தெரியும். விதி எல்லாருக்கும் ஒன்றானால் அதில் அவமதிப்பு இல்லை. ஒருவரை விசாரித்து மற்றவரை விட்டுவிட்டால்தான் அவமதிப்பு.

தாளில் அகப்படாதவை

சரிபார்த்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று கண்ணயர்ந்துவிடவும் கூடாது. பதிவேட்டில் இருப்பவர்கள் பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்கள் மட்டுமே. பிடிபடாதவர் பெயர் எந்தத் தாளிலும் இராது. ஆகவே, ஆரம்ப விசாரணை என்பது முதற்படி, முழுப் பாதுகாப்பன்று.

சிங்கப்பூரில் நிகழ்ந்த ஒன்றை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் ஆலய நகைகள் பல, 2016 முதல் 2020 வரை மீண்டும் மீண்டும் அடகுக் கடைக்குச் சென்று வந்தமை 2020ஆம் ஆண்டில் தெரியவந்தது. தலைமை அர்ச்சகராயிருந்தவருக்கு 2023ஆம் ஆண்டு நீதிமன்றம் ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் தொண்டூழியர் அல்லர். ஊதியம் பெற்ற பணியாளர். அவ்வாலயமோ சட்டப்படி அமைந்த இந்து அறக்கட்டளை வாரியத்தின் கீழ், முறையான நிர்வாகமும் தணிக்கையும் உடையது. அங்கேயே இது சில ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததென்றால், கணக்கேடும் இல்லாத சிற்றாலயங்களின் நிலையை என்னென்பது?

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம், அர்ச்சகர்களை ஐயுற வேண்டும் என்பதன்று. எவ்வளவு நல்லவராயினும் ஒருவரைத் தனியே ஒரு திறவுகோலுடன் விட்டுவைப்பது அவருக்கும் தீங்கு, ஆலயத்துக்கும் தீங்கு என்பதே பாடம். இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன்னை 'ஆடவல்லான்' எனப் பெயரிய எடைக்கல்லால் நிறுத்து, அந்த எடையைக் கல்லில் வெட்டி வைத்தான். எடை எல்லாருக்கும் தெரிந்திருந்தால், குறைவும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"ஆள் கிடைக்கமாட்டாரே!"

நிர்வாகத்தினர் பலர் கூறும் மறுப்பு ஒன்றுண்டு. "இப்போதே ஆள் இல்லை. படிவமும் நேர்முகமும் வைத்தால் வருகிற நால்வரும் வரமாட்டார்கள்." இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. காலையில் ரப்பர்த் தோட்டத்திலும், பகலில் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டு மாலையில் ஆலயத்துக்கு வரும் எளிய மனிதரிடம் ஆறு பக்கப் படிவத்தை நீட்டினால் அவர் தலைகுனிந்து திரும்பிவிடுவார். எழுத்துக்கு அஞ்சும் முதியவர், எவரினும் சிறந்த தொண்டராயிருக்கலாம். ஆகவே, படிவம் ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. எழுத இயலாதவருக்குப் பொறுப்பாளரே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் பந்தலில் நிற்பவருக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். பிள்ளைகள், பணம், நகை ஆகிய மூன்றையும் தொடும் பொறுப்புக்கே முழு விசாரணை வேண்டும்.

மறுபுறம், எதுவுமே கேளாததால் நாம் இழக்கும் தொண்டர்களையும் எண்ண வேண்டும். படித்த இளைஞரும், குறிப்பாகப் பெண்களும், ஆலயப் பணிக்கு வரத் தயங்குவதற்கு ஒரு காரணம் அங்கே யார் எவர் என்று தெரியாத நிலையே. தம் மகளை இரவு நேரத் தொண்டுக்கு அனுப்பும் தாய், உடன் பணிபுரிவோர் யார் என்று கேட்கத்தான் செய்வார். அதற்கு மறுமொழி சொல்லக்கூடிய ஆலயத்துக்கு ஆள் குறையாது.

திருந்தி வந்தவர்

இதனினும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. இளமையில் தீய கூட்டத்தோடு சேர்ந்து சிறை சென்றவர், தண்டனை முடிந்து, மனம் திருந்தி, முருகன் சந்நிதியை நாடி வருகிறார். தொண்டு செய்ய அனுமதி கேட்கிறார். விசாரணை என்ற பெயரில் அவரை விரட்டிவிடுவோமா?

அப்படி விரட்டுவோமானால், அருணகிரிநாதர் வரலாற்றைப் பேச நமக்குத் தகுதியில்லை. தீநெறியில் உழன்று, உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவரை முருகப்பெருமான் தடுத்தாட்கொண்டான் என்று மரபு கூறுகிறது. திருந்தியவனை ஏற்பதற்கு ஆலயத்தினும் சிறந்த இடம் எது? நம் சமுதாயத்தின் இளைஞர் பலர் வழிதவறும் இக்காலத்தில், அவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு வாயிலாவது திறந்திருக்க வேண்டும்.

ஆகவே, பழைய குற்றம் ஒன்றே எல்லாப் பணிக்கும் தடையாகாது. குற்றத்துக்கும் பணிக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க வேண்டும். அடிதடி வழக்கில் சிறை சென்று பத்தாண்டு கழிந்தவர் தேர்வடம் பிடிக்கலாம், பந்தல் அமைக்கலாம்; பொறுப்பாளர் ஒருவரின் துணையோடு மேலும் உயரலாம். பணக் கையாடலுக்காகத் தண்டிக்கப்பட்டவரை உண்டியலருகில் அமர்த்தாமல், அன்னதானக் கூடத்தில் அமர்த்தலாம். ஆனால், பிள்ளைகளுக்குத் தீங்கிழைத்தவருக்குப் பிள்ளைகள் உள்ள எந்தப் பணியும் எக்காலத்தும் இல்லை. இதில் இரக்கத்துக்கு இடமில்லை. இறைவன் மன்னிப்பான், அது அவன் அதிகாரம். பிறர் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

அத்துடன், விசாரணையில் தெரியவந்தவை நிர்வாகத்தின் இருவர் மூவருக்குள் இருக்க வேண்டும். படிவங்கள் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். ஒருவர் நம்பிச் சொன்ன பழைய துயரம் மறுநாள் தேநீர்க் கடையில் பேச்சாகுமானால், அவ்வாலயத்தில் இனி எவரும் உண்மை சொல்லமாட்டார்.

செய்யத்தக்கவை

இவற்றை நடைமுறைப்படுத்தப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பின்வருவனவற்றைச் சிற்றாலயமும் செய்யலாம்.

முதலாவது, எப்பணிக்கு என்ன தகுதி என்பதைத் தெளிவாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, பொறுப்புள்ள பணிக்கு வருபவரிடம் பெயர், முகவரி, அடையாளக் கார்டு எண் ஆகியவற்றோடு, உறவினர் அல்லாத இருவரின் பெயரையும் பெற வேண்டும். பெற்றால் போதாது; அவ்விருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். நற்சான்று கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒருமுறையும் அழைத்துக் கேளாமல் இருப்பதே பெரும்பாலான அமைப்புகளின் வழக்கம்.

மூன்றாவது, கால் மணி நேரமாவது எதிரில் அமர்த்திப் பேச வேண்டும். ஏன் இப்பணியை விரும்புகிறீர்கள், இதற்கு முன் எங்கே தொண்டு செய்தீர்கள், ஏன் அங்கிருந்து விலகினீர்கள் என்ற மூன்று கேள்விகளே பல செய்திகளைச் சொல்லிவிடும்.

நான்காவது, முதல் மூன்று மாதம் பழகு காலமாக இருக்க வேண்டும். அக்காலத்தில் மூத்த தொண்டர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

ஐந்தாவது, எவரும் தனியே ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில் இருத்தல் ஆகாது. எவரும் தனியே பணம் எண்ணுதல் ஆகாது. இவ்விதி தலைவருக்கும் பொருந்தும், நேற்று வந்தவருக்கும் பொருந்தும்.

ஆறாவதும் முதன்மையானதும் ஒன்றுண்டு. இவ்விசாரணை நிர்வாகக் குழுவிலிருந்தே தொடங்க வேண்டும். தலைவர் தம் படிவத்தை முதலில் நிரப்பட்டும். செயலாளரின் மகனும், பொருளாளரின் மைத்துனரும் வரிசையில் நின்று நிரப்பட்டும். அதன்பின் வெளியிலிருந்து வரும் எளிய தொண்டர் எவரும் முகம் சுளிக்கமாட்டார். தமக்கு வேண்டியவர்க்கு ஒரு வழியும், வேண்டாதவர்க்கு ஒரு வழியும் என்றாகிவிட்டால், இந்த நல்ல விதி பகை தீர்க்கும் கருவியாகிவிடும். நம் ஆலய நிர்வாகங்களில் கட்சி பிரிந்து நிற்கும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இவ்வச்சம் எளிதில் விளங்கும்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இவையனைத்தையும் செய்ய இயலாது. ஆகவே, இவ்வாண்டுப் பூசம் முடிந்து பந்தல் பிரித்த மறுவாரமே அடுத்த ஆண்டுக்கான தொண்டர் பதிவைத் தொடங்கிவிட வேண்டும். நிதானமாக ஆராய ஓராண்டு இருக்கும். ஆராயும்போதே நல்லவர்களை நாம் இனம் கண்டுகொள்வோம். அவர்களை மேலும் பெரிய பொறுப்புக்குப் பழக்குவோம். வயது முதிர்ந்த நம் நிர்வாகத்தினர் "எமக்குப் பின் யார்?" என்று கவலைப்படுவதற்கும் அதுவே விடையாகும்.

தொண்டரைத் தெரிந்து தெளிந்த ஆலயத்தில், தாய் தன் பிள்ளையை விட்டுவிட்டு அமைதியாக அர்ச்சனைத் தட்டை ஏந்திச் சந்நிதிக்குச் செல்வாள். அந்த அமைதியை அவளுக்கு அளிப்பதும் ஆலயத் திருப்பணியே. வேலவன் திருவருளால் நம் ஆலயங்கள் அதனை இவ்வாண்டே தொடங்குமாக.